எல்லாவற்றையும் தப்பாகச் சொன்ன காது

"அண்ணி, ஒரு சந்தேகம்."

"கேளு தம்பி."

"நம்ம கட்சிக்காரியே எடுத்திருந்தா?"

"எடுத்திருந்தா நம்மளைத் தேடி வந்திருப்பாளா?"

"அப்படி நாம நினைக்கணும்னுதான் வந்திருப்பா."

அண்ணி படியிலேயே நின்றுவிட்டாள். கொழுந்தனை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னைப் பார்த்தா சில நேரம் எனக்கே பயமா இருக்கு. வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல சந்தேகப்படுற இலாகா அவகிட்ட இருக்கு. நான் பதில் சொல்ற இலாகா."

அண்ணியின் கணவர் பல் டாக்டர். அவருக்கு வாயைத் திறந்து பார்க்கத்தான் தெரியும், திறக்க வைக்கத் தெரியாது. அந்த வேலையை அண்ணியும் அவருடைய தம்பியும் சேர்ந்து செய்கிறார்கள். துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டியிருந்தாலும், படியேறி வருகிறவர்களில் பலரும் கொழுந்தனைப் பார்த்து அவளை 'அண்ணி' என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

இன்றைக்கு அவர்கள் ஏறிய படி ஓர் இசை மண்டபத்தின் படி. உள்ளே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். வாத்தியக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேடையில் ஒரு பெரிய பியானோ, மேல்மூடி கழற்றப்பட்டு, கம்பியெல்லாம் தெரிய நின்றது. பக்கத்து முக்காலியில் ஒரு பெண், மடியில் தோல்பையை இறுக்கிப் பிடித்தபடி. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவள் தொழில். ஊரில் அவளுக்குப் பெயர் சுருதியம்மா.

"வாத்தியக் குழுத் தலைவர் போலீஸுக்குச் சொல்லிட்டாராம்" என்றாள், இவர்களைக் கண்டதும் எழுந்து. "சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் வந்துடுவாங்களாம். நேத்து சாயந்திரம் எல்லார் முன்னாடியும் இதே மேடையில நின்னு 'திருடி'ன்னு சொன்னாரு, மேடம். நான் வீடு வீடாப் போற தொழில்காரி. வீட்டுக்காரங்க சமையல்கட்டுல இருப்பாங்க, நான் கூடத்துல தனியா இருப்பேன். இந்தப் பேரு ஒட்டிக்கிச்சுன்னா எவங்க வீட்டுக் கதவு திறக்கும்?"

"நீங்க எடுத்தீங்களா?" என்றாள் அண்ணி, நேரே முகத்தைப் பார்த்து.

சுருதியம்மா திகைத்துப் போனாள். "நீங்களுமா?"

"நான் எல்லாரையும் கேப்பேன். இவனையும் கேப்பேன்."

"நான் நேத்து ஊர்லயே இல்ல" என்றான் கொழுந்தன் அவசரமாக.

*

நடந்தது இதுதான். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள் ஒரே ஒரு ஒலிநாடா. வாத்தியக் குழுத் தலைவரின் காலமான மனைவி கடைசியாகப் பாடியது. அந்த மூல நாடாவுக்கு வேறு பிரதி கிடையாது.

பெட்டிக்கு முந்தாநாள்தான் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள். சாவி கிடையாது. பத்து பட்டன்கள், நான்கு எண்கள். தலைவருக்குக் கண் மங்கிவருகிறது. எந்த எண்ணை அழுத்தினோம் என்று தெரிய வேண்டுமே! அதனால் ஒவ்வொரு பட்டனும் எண் ஏற ஏறச் சுரமும் ஒரு படி ஏறி ஒலிக்கும்படி செய்யச் சொல்லியிருந்தார். வேறு தொழில்காரராக இருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது. பூட்டு என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இவர் பாடும் பூட்டு வாங்கினார்.

நேற்றுக் காலை இடைவேளையில் அந்தப் பூட்டை முதல்முறையாகத் திறந்து, நாடா இருப்பதைப் பார்த்து, மூடினார். சாயங்காலம் மறுபடி திறந்தால் பெட்டி காலி. உடைக்கவில்லை, நெம்பவில்லை. எண் தெரிந்த கை.

"எண்ணை யாருகிட்டயும் சொல்லல" என்றார் தலைவர். வெள்ளைத் தலை, நிமிர்ந்த முதுகு. ஒவ்வொரு வாக்கியத்தையும் கைவிரலால் காற்றில் வெட்டி முடிக்கிற வழக்கம். "ஆனா பூட்டு சொல்லிச்சே! மேடைப்பக்கக் கதவு திறந்திருந்தது. இந்தம்மா பத்தடியில பியானோகிட்ட. ஊரிலேயே கூர்மையான காது இவங்களோடதுன்னு இவங்களே சொல்வாங்க. நாலு சுரம் கேட்டா போதாதா?"

"வேற யாரு பக்கத்துல?"

"அறைக்கு வெளிய நடைவழியில நம்ம மேலாளர் போன் பேசிக்கிட்டு இருந்தார். அவரை விடுங்க. அவருக்குத் தாலாட்டும் தகர டப்பாவும் ஒண்ணு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலாளரே வந்துவிட்டார். தொப்பையும் சிரிப்புமாக, கழுத்துப்பட்டியைத் தளர்த்தியபடி. "உண்மைதாங்க மேடம். இத்தனை வருஷமா இங்க வேலை. இன்னும் வயலினுக்கும் கதவுக் கீலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. கச்சேரி நல்லாருந்துச்சான்னு கேட்டா, நாற்காலி நிறைஞ்சிருந்துச்சுன்னு சொல்வேன்."

தலைவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

"பெட்டியை மூடிட்டு வெளிய வந்தீங்களே, அப்ப என்ன கேட்டுச்சு?" என்று தலைவரைக் கேட்டாள்.

"என்ன கேக்கணும்? அதுவரைக்கும் பியானோ சும்மா இருந்தது. புதுக் கம்பி மாட்டிக்கிட்டு இருந்தாங்க போல. நான் பெட்டியை மூடினதும் டொங் டொங்னு ஆரம்பிச்சுது. நான் தோட்டத்துக்குப் போற வரைக்கும் நிக்கவே இல்ல."

"மேலாளர்?"

"திரும்பின மூலையில அவர் அறை. பியானோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, நான் நாடாவைப் பாத்துக்கிட்டு இருக்கிறப்ப, போன்ல பேசிக்கிட்டே போய் அவர் கதவுல ஒரு பட்டனை அமுக்கினார்."

"அவர் கதவுலயும் இதே பூட்டா?"

"ஒரே ஆளு, ஒரே நாள் மாட்டினது. எண்தான் வேற."

"ஒரு பட்டனா, நாலு பட்டனா?"

தலைவர் யோசித்தார். "ஒரு ஓசைதான் கேட்டேன். அதுக்கப்புறம் பேசிக்கிட்டே நின்னார்."

"போன்ல ஏதோ முக்கியமான விஷயம். உள்ள போகவே மறந்துட்டேன்" என்றார் மேலாளர்.

அண்ணி தலையாட்டினாள். கொழுந்தனுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். கடையில் தக்காளியை அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைக்கும்போது ஆட்டுவாளே, அது.

*

"ஒரு விளையாட்டு விளையாடலாமா?" என்றாள் அண்ணி.

"போலீஸ் வர்ற நேரத்துலயா?" என்றார் தலைவர்.

"அவங்க வந்தா விளையாட விடமாட்டாங்களே."

விளையாட்டு இதுதான். ஆள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அண்ணி பியானோவில் ஒரு கட்டையை அழுத்துவாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை அழுத்துவாள். அதே கட்டையா, பக்கத்துக் கட்டையா? 'அதே' அல்லது 'வேற', இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும். பத்து முறை. நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை முதல் ஆட்டத்தில் பேச்சால் நிரப்புவார்கள். இரண்டாம் ஆட்டத்தில் அண்ணி கண்டபடி வேறு கட்டைகளைத் தட்டி நிரப்புவாள்.

"முதல்ல நீ நில்லு தம்பி."

"எனக்கு எதுக்கு அண்ணி? என் காது கண்ணாடி மாட்டத்தான் உதவும்."

"அதுக்குத்தான்."

அவன் நின்றான். அண்ணி கட்டையை அழுத்தினாள், நடுவில் அவன் எங்கெங்கே வண்டியின் விளக்கை அணைக்காமல் விட்டான் என்று பட்டியல் போட்டாள், மறுபடி அழுத்தினாள். அவன் "அதே" என்றான். "வேற" என்றான். சில நேரம் விரலைப் பூவா தலையா மாதிரி திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். ஒத்திகைக் கரும்பலகையில் தலைவரே சுண்ணக்கட்டியால் சரியும் தப்பும் போட்டார். இரண்டு ஆட்டத்திலும் ஏறக்குறைய பாதி சரி, பாதி தப்பு.

"பரவாயில்லையே! பாதி தேறிட்டேன்" என்றான் கொழுந்தன்.

"ஒண்ணுமே தெரியாம குத்துமதிப்பாச் சொன்னா பாதிதான் தேறும். நீ ரொம்ப நேர்மையான மண்டு. போய் உக்காரு."

அடுத்து சுருதியம்மா. பேச்சு நடுவில் வந்த ஆட்டத்தில், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குழாயின் உபயோக முறையைக் கொழுந்தன் உரக்க வாசித்தான், மேடை நாடகம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு. சுருதியம்மா அசரவில்லை. பத்தும் சரி.

இரண்டாவது ஆட்டம். நடுவில் பியானோ தாறுமாறாக ஒலித்தது. சுருதியம்மாவின் கழுத்து விறைத்தது. "அதே... இல்ல, வேற..." பலகையில் தப்புகள் விழ ஆரம்பித்தன. நாலைந்து ஆனதும் அவள் திரும்பிவிட்டாள்.

"போதும் மேடம்."

"இன்னும் பாதி இருக்கு."

"இதுதான் பெருமைப்பட்ட காதா?" என்றார் தலைவர், சுண்ணக்கட்டியோடு.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அண்ணியைத் தனியே இழுத்துப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "திருடின்னு பேரு போனா பொழப்பு போகும். காது சரியில்லைன்னு பேரு வந்தாலும் அதே பொழப்புதானே போகும்? எனக்காகப் பேச வந்தீங்களா, என்னைப் புதைக்க வந்தீங்களா?"

"நீங்க வேலை செய்யும்போது எப்படிச் சுருதி பிடிக்கிறீங்க? ஞாபகத்துல இருந்தா?"

"ஞாபகமா! எவளால முடியும்? சுரத்தைக் கேட்டதும் பேரு சொல்ற வரம் எனக்குக் கிடையாது. அதுக்குத்தானே எஃகுக் கவை வெச்சிருக்கேன்? தட்டினா எப்பவும் ஒரே சுரம். ஒவ்வொரு தடவையும் தட்டிக் கேட்டுக் கேட்டுத்தான்..." பாதியில் நிறுத்தினாள். அவளுக்கே ஏதோ உறைத்தது.

"அதை அங்க வந்து சொல்லுங்க. வெக்கப்படாம."

அவள் வெட்கத்தோடுதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

அண்ணி தலைவர் பக்கம் திரும்பினாள். "இப்ப கேட்ட சுரத்தை மனசு வெச்சுக்கிறதுக்கு உள்ள ஒரே ஒரு கட்டில்தான் இருக்குன்னு வெச்சுக்கோங்க. புதுசா வேற வேற சுரம் வந்து கொட்டினா, பழையதைத் தள்ளிவிட்டுட்டு அது படுத்துக்கும். பேச்சு அப்படி இல்ல. பேச்சுக்கு வேற அறை. எவ்வளவு பேசினாலும் சுரம் தூங்கிக்கிட்டேதான் இருக்கும். இது இவங்க காதுல உள்ள குறை இல்ல. உங்களுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். நேத்து பூட்டு பாடி முடிச்சதும் இவங்க என்ன பண்ணினாங்க?"

"டொங் டொங்..." என்றார் தலைவர் மெல்ல.

"நீங்களே சாட்சி. உங்க நாலு சுரமும் அந்த டொங்குல தரையில விழுந்துடுச்சு. இவங்க எடுத்துட்டுப் போக ஒண்ணுமே மிச்சமில்ல."

தலைவரின் சுண்ணக்கட்டி தாழ்ந்தது. "அப்ப யாரு?"

ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. சுருதியம்மா தலைவரைப் பார்த்தாள். தலைவர் கொழுந்தனைக்கூட ஒருமுறை பார்த்தார்.

மேலாளர்தான் கலகலத்தார். "என்னையும் நிக்க வையுங்க மேடம்! நாளைக்கு யாரும் ஒரு பேச்சு பேசிடக் கூடாது பாருங்க. என் காதோட லட்சணம் பலகையிலேயே தெரியட்டும்."

"கேக்கலாமா வேண்டாமான்னு தயங்கிட்டே இருந்தேன்" என்றாள் அண்ணி, தேன் தடவிய குரலில்.

பேச்சு ஆட்டம் முதலில். தீயணைப்புக் குழாய் மறுபடி முழங்கியது. மேலாளர் குஷியாகச் சொல்லிக்கொண்டே போனார். "அதே!" தப்பு. "வேற!" தப்பு. "இது அதேதான், சத்தியமா!" தப்பு. கொழுந்தன் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். தலைவரும் சிரித்தார். பத்து முடிந்தது. பலகையில் பத்தும் தப்பு.

"பாத்தீங்களா? கழுதை கூட என்னைவிடத் தேவலாம்!"

"அடுத்த ஆட்டம்" என்றாள் அண்ணி. நடுவில் பியானோவைக் கலக்கினாள். மேலாளர் இப்போதும் அதே குஷியோடுதான் சொன்னார். ஆனால் இந்த முறை சரியும் விழுந்தது, தப்பும் விழுந்தது. முடிவில் பாதிக்குப் பாதி.

மேலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "திருப்திதானே?"

"ரொம்ப."

கொழுந்தன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது. "அண்ணி... நான் மண்டு. எனக்கே பாதி சரியா வந்துச்சு. இவருக்கு ஒண்ணுகூட வரலையே?"

"சொல்லு, சொல்லு."

"ரெண்டுல ஒண்ணுதானே பதில்? கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாக்கூட அஞ்சாறு விழணும். பத்தும் தப்பாச் சொல்லணும்னா..."

"பத்தும் சரியாத் தெரியணும்" என்றாள் அண்ணி. "தெரிஞ்சு, அதைத் திருப்பிச் சொல்லணும். தெரியாதவனால அவ்வளவு ஒழுங்காத் தப்புப் பண்ண முடியாது."

அந்த மண்டபத்தில் அப்போது ஒரு கம்பி தானாக அறுந்திருந்தாலும் எல்லோரும் துள்ளியிருப்பார்கள்.

"அப்ப ரெண்டாவது ஆட்டத்துல ஏன் பாதி சரி?" என்றார் தலைவர்.

"அப்பவும் எல்லாத்தையும் தப்பாச் சொல்லத்தான் பாத்தார். ஆனா நடுவுல சுரம் புகுந்ததால அவருக்கே விடை மறந்துபோச்சு. விடை தெரியாம எப்படித் திருப்பிச் சொல்றது? அதுல மட்டும்தான் அவர் நேர்மையா இருந்தார், பாவம்." அண்ணி மேலாளரை நோக்கி நடந்தாள். "நேத்தும் அதேதான். பூட்டு பாடினப்ப நீங்க போன்ல. காதுல வந்ததெல்லாம் வெறும் பேச்சு. பேச்சு சுரத்தைத் தொடாது. பியானோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூலை திரும்பி உங்க கதவுல ஒரே ஒரு பட்டனை அமுக்கினீங்க; ஒரே ஒரு தட்டுக்கு நாலும் கலையாது. உள்ள போகவா? இல்ல. அந்த ஒரு சுரத்தைப் படிக்கட்டா வெச்சு, மனசுல இருந்த நாலும் எத்தனையாவது படின்னு எண்ணினீங்க. எண் கிடைச்சிடுச்சு. எண்ணா மாறினதுக்கு அப்புறம் அது ஆயுசுக்கும் மறக்காது."

"காது இருந்தா திருடனா?" என்றார் மேலாளர். சிரிப்பைக் காணோம். குரலும் மாறியிருந்தது. கனமாக, வட்டமாக, அடிவயிற்றிலிருந்து வந்தது.

சுருதியம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "மேடம், இது பாட்டுக்காரக் குரல்."

"காது இருந்தா திருடன் இல்ல" என்றாள் அண்ணி. "ஆனா இருக்கிற காதை இத்தனை வருஷமா ஏன் ஒளிச்சு வெச்சீங்க? அதுதான் எனக்கு விளங்கல." இதைச் சொல்லும்போது அவள் பார்த்தது மேலாளரை இல்லை. தலைவரை.

தலைவர் பலகையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். யாரும் சொல்லாமலே.

"அதை விடுங்க சார். நேத்து பெட்டியைத் திறந்து பாத்தீங்களே, எதுக்கு?"

"நாடா பத்திரமா இருக்கான்னு..."

"ஏன் திடீர்னு?"

"இன்னைக்கு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்ப இருந்தேன். சுத்தம் பண்ண. பழைய நாடா. புது மிஷின் வந்திருக்கு."

"எதைச் சுத்தம் பண்ண?"

தலைவரின் கை காற்றில் எதையும் வெட்டவில்லை.

"என்னைத்தான்" என்றார் மேலாளர்.

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பை, சிரிப்பு எல்லாம் யாரோ மேலே போர்த்திவிட்ட துணி மாதிரி சரிந்துவிட்டது. "அந்தப் பாட்டு ரெண்டு பேரு பாடினது. இவர் சம்சாரம், அந்த அம்மாவும் நானும். எனக்கு அப்பத்தான் மீசை வந்திருந்தது. வெளிவந்த இசைத்தட்டுல இவர் என் குரலை அமுக்கிட்டார். அட்டையில பேரும் இல்ல. 'உனக்குக் காதே இல்ல, ஆபீஸ் வேலை வேணா பாரு'ன்னார். சரின்னு பாத்தேன். அவர் சொன்னதையே நானும் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். அந்த நாடாவுல மட்டும்தான் நான் இருக்கேன். அதுலயும் சுரண்டி எடுத்துடுவேன்னா?"

கொழுந்தனுக்கு எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கும் பழக்கம். இப்போது கீழே விழுந்திருந்த கைக்குட்டையை எடுத்து மேலாளரிடம் நீட்டினான்.

"நாடா எங்க?" என்றாள் அண்ணி.

"என் மேசையில. ஒரு இழை கெடல."

"உங்களை அழிக்கப் பாத்தாங்க. அது அநியாயம், ஒத்துக்கிறேன். ஆனா நேத்து சாயந்திரம் இதே மேடையில இவங்களைத் திருடின்னப்ப நீங்க எங்க நின்னீங்க?"

மேலாளர் மேடையின் இடது ஓரத்தைப் பார்த்தார்.

"பக்கத்துலதான். வாயை மூடிக்கிட்டு. அவர் உங்களுக்குச் செஞ்சதை நீங்க இவங்களுக்குச் செஞ்சீங்க."

தலைவர் விறுவிறுவென்று போனை எடுத்தார். "போலீஸ் வேண்டாம்னு சொல்லிடறேன். நாடாதான் கிடைச்சிடுச்சே. வீட்டு விஷயம்."

"வரட்டும் சார்" என்றாள் அண்ணி. "இவர் பதில் சொல்லணும். இன்னொண்ணு, நாடா இனிமே சாட்சிப் பொருள். வழக்கு முடியற வரைக்கும் எந்த மிஷினுக்கும் போகாது. அதுல யார் யார் குரல் இருக்குன்னு எழுதி வெச்சுத்தான் எடுத்துக்கிட்டுப் போவாங்க."

போனைப் பிடித்த கை அப்படியே நின்றது. மேலாளர் தலையை நிமிர்த்தி அண்ணியைப் பார்த்தார். நன்றியா, பயமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பிடிபட்டதாலதான் தப்பிச்சார்" என்று முணுமுணுத்தான் கொழுந்தன். "இந்த மாதிரி கேஸு நமக்குன்னு வந்து வாய்க்குது."

தலைவர் ஒருவழியாகச் சுருதியம்மா பக்கம் வந்தார். "அம்மா, தப்பா நினைச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. பியானோவை முடிச்சுக் கொடுத்துடுங்க."

சுருதியம்மா தோல்பையின் வாரை மாட்டினாள். "நேத்து என்னைத் தனியாவா கூப்பிட்டுச் சொன்னீங்க?"

"இல்ல..."

"எத்தனை பேரு இருந்தாங்க?"

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. வாத்தியக்காரர்கள் சாப்பிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து, மேடையில் சுருதியம்மாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, தங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். யாரும் வாத்தியத்தை எடுக்கவில்லை.

"அவங்க எல்லாரும் வரட்டும். நான் காத்திருக்கேன்" என்றாள் சுருதியம்மா.

கடைசி நாற்காலியும் நிறைந்தது. தலைவர் மேடையின் முன்னால் வந்தார். நேற்று எங்கே நின்றாரோ, அந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கப் பார்த்தார். சுருதியம்மா அசையாமல் பார்த்தாள். அவர் நகர்ந்து சரியான இடத்துக்கே வந்தார்.

"நேத்து நான் இவங்களைப் பத்திச் சொன்னது பொய்" என்றார், தன் சட்டைப் பொத்தானைப் பார்த்து. "இவங்க திருடல."

பின்வரிசையில் முரசு வாசிப்பவர் எழுந்து நின்றார்.

"கேக்கலைங்க" என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தலையை நிமிர்த்தினார். முதலிலிருந்து, கடைசி நாற்காலிவரை கேட்கும்படி, மறுபடி சொன்னார்.